வளரும் பன்றிகளுக்குப் பசுந்தழை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டில் வெண்பன்றி வளர்ப்போரில் பெரும்பாலோர் உணவகக் கழிவை நம்பியிருக்கிறார்கள். மற்றவர்கள் மக்காச்சோளம், தவிடு, பிண்ணாக்கு ஆகியவற்றைக் கலந்த அடர்தீவனத்தை வாங்கியோ தாமே அரைத்தோ போடுகிறார்கள். பிண்ணாக்கு விலை ஏறும்போதெல்லாம் வேலியோரத்தில் சும்மா வளர்ந்து நிற்கும் தழைகளின் மீது இவர்களின் கண் விழுவது இயல்பே. தழையைச் சரியான இடத்தில் சரியான அளவில் சேர்த்தால் நல்ல பலன் உண்டு. அளவு தவறினால் பன்றியின் வளர்ச்சி பல வாரங்கள் தேங்கிவிடும். வளரும் பன்றிகளுக்கு, அதாவது தாய்ப்பால் மறந்தது முதல் விற்பனை எடையை எட்டும் வரை உள்ளவற்றுக்கு, பசுந்தழையைத் துணைத் தீவனமாகக் கொடுப்பது பற்றி வளர்ப்போர் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் தரப்படுகிறது.

பன்றி அசைபோடும் விலங்கு அல்லவே. தழையை அதனால் செரிக்க முடியுமா?

ஓரளவு முடியும். மாட்டுக்கும் ஆட்டுக்கும் இரைப்பையின் முதல் அறையிலேயே நுண்ணுயிரிகள் நார்ச்சத்தைச் சிதைத்துவிடுகின்றன. அதில் உண்டாகும் கொழுப்பு அமிலங்கள் பெரும்பாலும் அந்த அறையின் சுவர் வழியாகவே உறிஞ்சப்படுகின்றன, வெளிப்படும் புரதமும் நுண்ணுயிரிகளின் புரதமும் பிறகு சிறுகுடலில் செரிக்கின்றன. பன்றிக்கு இருப்பது ஒற்றை இரைப்பை. நுண்ணுயிரிகளின் வேலை சிறுகுடலைத் தாண்டிய பிறகு, பெருங்குடலில்தான் நடக்கிறது. அங்கே உண்டாகும் கொழுப்பு அமிலங்கள் பன்றிக்கு ஓரளவு எரிசக்தியைத் தருகின்றன. ஆனால் நாரோடு பின்னிக்கிடந்த புரதம் அந்த இடத்தில் வெளிப்பட்டாலும் பன்றியின் உடலுக்குச் சேர்வதில்லை. ஆகவே பன்றிக்குத் தழையின் மதிப்பு அதன் இளமையைப் பொறுத்தது. இளம் இலையில் நார் குறைவு, புரதம் மிகுதி. அந்தப் புரதத்தில் கணிசமான பங்கு சிறுகுடலிலேயே செரித்துவிடும். முற்றிய தண்டில் இந்த நிலை தலைகீழாகிவிடும்.

வயதும் முக்கியம். முழு வளர்ச்சி பெற்ற தாய்ப்பன்றியின் பெருங்குடல் பெரியது. தீவனம் அதில் மெதுவாக நகர்வதால் நார் சிதைவதற்கு நேரம் கிடைக்கிறது. 20 கிலோ எடையுள்ள குட்டிக்கு அந்த வசதி இல்லை. தாய்ப்பன்றி கூடை கூடையாகத் தழை தின்று கொழுத்திருப்பதைப் பார்த்துவிட்டு அதே முறையைக் குட்டிகளுக்கும் பின்பற்றுவதுதான் இந்தத் தொழிலில் அடிக்கடி காணும் பிழை.

அப்படியானால் வளரும் பன்றிக்குத் தழையால் என்னதான் பயன்?

அடிப்படைத் தீவனத்தில் எது குறைகிறதோ அதை ஈடுகட்டுவதுதான் பயன். அரிசி நொய்யும் தவிடும் உணவகச் சோறும் மாவுச்சத்தைத் தாராளமாகத் தருகின்றன. ஆனால் புரதத்திலும், குறிப்பாக லைசின் என்னும் அமினோ அமிலத்திலும் இவை பின்தங்கியவை. தசை வளர்வதற்கு முதலில் பற்றாமல் போவது லைசின்தான். இலைப் புரதத்தில் லைசின் தானியப் புரதத்தைவிடக் கூடுதலாக இருப்பதால், நொய்யோடும் தவிட்டோடும் சேரும்போது இளந்தழை நன்றாகப் பொருந்துகிறது. வைட்டமின் ஏ ஆக மாறும் கரோட்டின், வைட்டமின் ஈ, கே, ஃபோலிக் அமிலம், சுண்ணாம்புச் சத்து ஆகியவையும் கிடைக்கின்றன. தாது உப்புக் கலவையும் வைட்டமின் கலவையும் சேர்த்த முழுமையான அடர்தீவனம் போடும் பண்ணையில் இந்த லாபம் சிறியது. தவிடும் சோறும் மட்டுமே போடும் பண்ணையில் இதன் பலன் கண்ணுக்குத் தெரியும்.

மற்றொரு பயனும் உண்டு. சிமெண்ட் தரையில் அடைபட்டிருக்கும் பன்றிக்குக் கிளறவும் மெல்லவும் எதுவும் இல்லாதபோது அது பக்கத்துப் பன்றியின் வாலையும் காதையும் கடிக்கத் தொடங்குகிறது. தழைக் கட்டு ஒன்று தொங்கினால் அதன் கவனம் அங்கே போய்விடும். மலச்சிக்கலும் குறையும்.

ஒரு கிலோ தழையில் உண்மையில் எவ்வளவு சத்து இருக்கிறது?

எடைபோடும் தழையில் பெரும்பகுதி தண்ணீர் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டுதான் கணக்குப் போட வேண்டும். தண்ணீர் நீங்கிய பின் எஞ்சுவதே உலர்பொருள். அடர்தீவனம் ஒரு கிலோவில் சுமார் 900 கிராம் உலர்பொருள் இருக்கிறது. வள்ளைக்கீரை ஒரு கிலோவில் சுமார் 100 கிராமும், சர்க்கரைவள்ளிக் கொடியில் சுமார் 130 கிராமும், காம்பு நீக்கிய முருங்கை இலையிலும் அகத்தி இலையிலும் 240 முதல் 270 கிராம் வரையிலும் இருக்கின்றன.

தொட்டி நீரில் மிதந்து வளரும் சிறு பெரணியான அசோலாவை எடுத்துக்கொள்வோம். அதில் 25 விழுக்காடு புரதம் இருப்பதாகப் பரவலாகச் சொல்லப்படுகிறது; அது உலர்ந்த அசோலாவுக்கான கணக்கு. தொட்டியிலிருந்து அள்ளிய ஈர அசோலா ஒரு கிலோவில் உலர்பொருள் சுமார் 60 கிராம்தான். அதில் நான்கில் ஒரு பங்கு புரதம் என்றால் 15 கிராம் கிடைக்கும். சோயாப் பிண்ணாக்கில் இதே அளவு புரதம் சுமார் 33 கிராமிலேயே கிடைத்துவிடும். அதாவது ஒரு கிலோ அசோலாவும் ஒரு சிறு கைப்பிடி சோயாப் பிண்ணாக்கும் புரத அளவில் ஒன்று. அசோலா வளர்க்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தொட்டி இருந்தால் வளர்க்கலாம், சாண வாடை போக அலசிக் கொடுக்கலாம். அதை நம்பிப் பிண்ணாக்கை நிறுத்துவது மட்டும் கூடாது.

இதற்கு மாறாக, அகத்தி இலை ஒரு கிலோவில் சுமார் 84 கிராமும் முருங்கை இலையில் சுமார் 67 கிராமும் புரதம் உள்ளன. பன்றியின் வயிற்றில் இடம் அளவானது என்பதால், ஒரே கூடையில் எது அதிகச் சத்தைத் தருகிறதோ அதையே முதலில் தேட வேண்டும்.

எந்த எடையில் தொடங்கலாம்? எவ்வளவு கொடுக்கலாம்?

பால் மறந்த முதல் இரண்டு மூன்று வாரங்களில் தழை வேண்டாம். அந்தக் குட்டிகளின் குடல் புதிய தீவனத்துக்கே இன்னும் பழகவில்லை. அந்த நேரத்தில் நாரும் நீரும் சேர்ந்தால் கழிச்சல்தான் வரும். சுமார் 20 கிலோ எடையில் மென்மையான இலையை ஒரு கைப்பிடியளவில் காட்டத் தொடங்கலாம். 30 கிலோ அளவில் நாளொன்றுக்கு அரை கிலோ முதல் ஒரு கிலோ வரையும், 50 கிலோ அளவில் ஒன்றரை முதல் இரண்டு கிலோ வரையும், 70 கிலோவுக்கு மேல் இரண்டு முதல் மூன்று கிலோ வரையும் கொடுப்பது பாதுகாப்பான வரம்பு. உலர்பொருள் கணக்கில் இது மொத்தத் தீவனத்தில் பத்தில் ஒரு பங்கில் தொடங்கி, விற்பனை எடையை நெருங்கும்போது ஐந்தில் ஒரு பங்கை எட்டும். அதைத் தாண்டினால் எடை கூடுவது மந்தமாகும். சினையாக இருக்கும் தாய்ப்பன்றிக்கு நான்கைந்து கிலோவும் தாங்கும். அது வேறு கணக்கு.

எந்தத் தழையையும் ஒரே நாளில் முழு அளவில் போடாமல், ஒரு வாரத்தில் படிப்படியாகக் கூட்டிச் செல்வது நல்லது.

தழை போட்டால் அடர்தீவனத்தை எவ்வளவு குறைக்கலாம்?

50 கிலோ எடையுள்ள பன்றி ஒன்று நாளொன்றுக்குச் சுமார் இரண்டு கிலோ அடர்தீவனம் தின்கிறது என்று கொள்வோம். அதற்கு 18 விழுக்காடு உலர்பொருள் உள்ள வேலிமசால் போன்ற பயறுவகைத் தழை இரண்டு கிலோ போட்டால் 360 கிராம் உலர்பொருள் கிடைக்கும். தழையின் உலர்பொருள் ஒரு கிலோவுக்குச் சுமார் 2,000 கிலோ கலோரி எரிசக்தி பன்றிக்குச் சேரும் என்றால், இங்கே 720 கிலோ கலோரி கிடைக்கிறது. நல்ல அடர்தீவனத்தில் ஒரு கிலோவுக்குச் சுமார் 3,000 கிலோ கலோரி உண்டு. ஆகவே இரண்டு கிலோ தழை, எரிசக்தி அளவில் சுமார் 240 கிராம் அடர்தீவனத்துக்கு ஈடு. 200 கிராம் குறைத்தால் வளர்ச்சியில் பெரிய மாறுதல் தெரியாது. அரை கிலோவோ ஒரு கிலோவோ குறைப்பவர்கள் பன்றியைப் பட்டினி போடுகிறார்கள். வயிறு நிரம்பியிருப்பதால் அது கத்துவதில்லை, அதனால் பட்டினி வெளியே தெரிவதும் இல்லை.

ஒரு பன்றிக்கு 200 கிராம் என்பது அற்பமாகத் தோன்றலாம். 50 பன்றிகள் உள்ள கொட்டகையில் அது நாளொன்றுக்குப் பத்து கிலோ, மாதத்துக்கு 300 கிலோ.

உணவகக் கழிவு மட்டுமே போடுகிறேன். எனக்குத் தழை தேவையா?

உங்களுக்குத்தான் மிகுதியாகத் தேவை. கவனமும் உங்களுக்குத்தான் மிகுதியாக வேண்டும். உணவகக் கழிவில் சோறும் சாம்பாரும் எண்ணெயும் இருக்கும். புரதத்தின் அளவு நாளுக்கு நாள் மாறும். பச்சை என்று சொல்ல வாழை இலையும் கறிவேப்பிலையும்தான் மிஞ்சும். தழை அந்தக் குறையை நிரப்பும். ஆனால் கழிவிலும் முக்கால் பங்குக்குக் குறையாமல் தண்ணீர், தழையிலும் அப்படியே என்பதால், இரண்டையும் தாராளமாகப் போட்டால் 30 கிலோ பன்றி வயிறு முட்டத் தின்றும் தேவையான உலர்பொருளை எட்டாது. எனவே இந்தப் பண்ணைகளுக்கு வள்ளைக்கீரை, அசோலா போன்ற நீர்த்த தழைகள் பொருந்தா. அகத்தி, முருங்கை, மல்பெரி, வேலிமசால் போன்று உலர்பொருள் கூடிய இலைகளைத் தேர்ந்து, கழிவின் தெளிநீரை வடித்துவிட்டு, சிறிது கடலைப் பிண்ணாக்கும் தாது உப்புக் கலவையும் சேர்ப்பதே சரியான வழி. உணவகக் கழிவில் உப்பு ஏற்கெனவே இருப்பதால் தனியாக உப்புச் சேர்க்கக் கூடாது.

எந்தெந்தத் தழைகள் வளரும் பன்றிக்கு ஏற்றவை?

பாசனம் உள்ள நிலத்தில் குதிரை மசாலும் வேலிமசாலும் முதலிடம் பெறுகின்றன. வேலிமசாலை விதைத்துச் சுமார் 90 நாளில் முதல் அறுவடையும், பிறகு 40 நாளுக்கொரு முறையும் அறுப்பது மாட்டுக்கான வழக்கமான பரிந்துரை. பன்றிக்கென்று அறுக்கும்போது இன்னும் சற்று முன்னதாக, தண்டு மரமாகும் முன்பே அறுத்து, நுனிப்பகுதியை மட்டும் பன்றிக்கும் அடிப்பகுதியை ஆட்டுக்கும் பிரித்துக் கொடுப்பது இரண்டுக்கும் நல்லது. தட்டைப்பயறுக் கொடியைப் பூக்கும் தறுவாயில் அறுத்தால் இலை மிகுந்திருக்கும்.

சர்க்கரைவள்ளிக் கொடி பன்றிகள் விரும்பித் தின்னும் தழைகளில் ஒன்று. வியட்நாமிலும் சீனாவிலும் நம் நாட்டு வடகிழக்கு மாநிலங்களிலும் சிறு விவசாயிகள் தலைமுறைகளாக இதைப் பன்றிக்குக் கொடுத்துவருகிறார்கள். கிழங்குக்காகப் பயிரிட்டவர்கள் கொடியை அடிக்கடி அறுத்தால் கிழங்கு சிறுக்கும் என்பதால், வரப்போரத்தில் கொடிக்கென்றே தனியாக நட்டுக்கொள்வது நல்லது.

ஓசூர், கிருஷ்ணகிரி, உடுமலைப்பேட்டைப் பகுதிகளில் பட்டுப்புழு வளர்ப்போரிடம் மல்பெரி இலை மிஞ்சும். புழு செத்துவிடும் என்பதால் அறுவடையை ஒட்டி மருந்து தெளிப்பதில் அவர்கள் கடும் எச்சரிக்கையோடு இருப்பார்கள். ஆகவே தோட்டத்திலிருந்து நேராக வரும் மல்பெரி இலையைப் போல நம்பிக்கையோடு வாங்கக்கூடிய தழை குறைவு. ஆனால் புழுப் படுக்கையிலிருந்து கழித்த மிச்ச இலையை வாங்காதீர்கள்; படுக்கையில் கிருமிநாசினித் தூளும் சுண்ணாம்பும் தூவியிருப்பார்கள்.

முருங்கையும் அகத்தியும் சத்தில் உயர்ந்தவை. அகத்தியின் கசப்பால் சில பன்றிகள் முதலில் ஒதுக்கும். வேறு தழையோடு கலந்து பழக்க வேண்டும், அதையே முழுத் தழையாகவும் போடக் கூடாது. முள்ளுக்கீரை முதலான கீரை வகைகளைக் கொஞ்சமாகச் சேர்க்கலாம். உரம் மிகுந்த நிலத்தில் வளர்ந்த கீரையில் நைட்ரேட்டும் ஆக்சலேட்டும் சேர்ந்திருக்கும். அவற்றைக் குவியலாகப் போட்டுச் சிறுநீரகக் கோளாறை வரவழைத்துக்கொள்ள வேண்டாம்.

மரவள்ளி இலை நஞ்சு என்கிறார்கள். கொடுக்கலாமா?

கொடுக்கலாம், பக்குவம் தெரிந்து கொடுக்க வேண்டும். சேலம், நாமக்கல், தருமபுரி வட்டாரங்களில் கிழங்கு பிடுங்கும் பருவத்தில் இந்த இலை மலைபோலக் குவிந்து வீணாகிறது. உலர்பொருளில் 20 முதல் 30 விழுக்காடு வரை புரதம் உள்ள இலை வீணாவது எனக்கு எப்போதும் மனவருத்தம் தருவது.

மரவள்ளி இலையில் லினமாரின் என்ற பொருள் இருக்கிறது. இலை நசுங்கும்போது அதே இலையில் தனியாக இருக்கும் நொதி ஒன்று லினமாரினோடு கலந்து, ஹைட்ரஜன் சயனைடு வெளிப்படுகிறது. அது எளிதில் ஆவியாகிவிடும் வாயு. எனவே இலையைப் பறித்தவுடன் பொடியாக நறுக்கி, நிழலில் மெல்லிய பரப்பாக ஒரு நாள் வாடவிட்டால் நஞ்சு பெருமளவு பன்றியின் வாய்க்குப் போவதற்கு முன்பே வெளியேறிவிடும். இரண்டு மூன்று நாள் நல்ல வெயிலில் காயவைத்தால் இன்னும் நன்றாக வெளியேறும். நறுக்காமல் முழு இலையாகக் கொதிநீரில் போடுவது தவறான பக்குவம்: கொதிநீர் நொதியைக் கொன்றுவிடுகிறது, லினமாரினோ இலையிலும் நீரிலும் அப்படியே தங்கிவிடுகிறது. வேகவைத்தே தீர வேண்டுமானால் நறுக்கிச் சில மணி நேரம் விட்டு, பிறகு வேகவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட வேண்டும்.

சயனைடைக் கழிக்கக் கந்தகம் கொண்ட அமினோ அமிலங்கள் பன்றியின் உடலுக்குத் தேவைப்படுகின்றன. மரவள்ளி இலைப் புரதத்தில் குறைவாக இருப்பதும் அந்த வகையைச் சேர்ந்த மெத்தியோனின்தான். அதனால் இந்த இலையோடு எள்ளுப் பிண்ணாக்கையோ மீன்தூளையோ சிறிது சேர்ப்பது பொருத்தம். கசப்பு ரகங்களின் இலையைக் குட்டிகளுக்குத் தவிர்த்துவிடலாம்.

மாட்டுக்கு வளர்த்த கோ-4 புல்லை வெட்டிப் போடலாமா?

வளரும் பன்றிக்கு அதனால் பெரிய பலன் இல்லை. கம்பு நேப்பியர் ஒட்டுப்புல் மாட்டுக்கு அருமையான தீவனம். அதன் உலர்பொருளில் பாதிக்கு மேல் நார். பன்றி அந்தத் தண்டை மென்று சாற்றை உறிஞ்சிவிட்டுச் சக்கையைத் துப்பிவிடும். கொட்டகைத் தரையில் வெளிறிய நார் உருண்டைகள் கிடந்தால், நீங்கள் போட்ட தழை முற்றியது என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. எந்தத் தழையையும் இப்படிச் சோதித்துப் பார்க்கலாம்: துப்பிய சக்கை மிகுதியாக இருந்தால் அடுத்த அறுப்பை ஒரு வாரம் முன்தள்ள வேண்டும்.

சூபாபுல், கிளைரிசிடியா மரங்களின் தழை?

சூபாபுல்லில் உள்ள மைமோசின் பன்றிக்கு ஆகாது. முடி உதிரும், வளர்ச்சி குன்றும், இனப்பெருக்கமும் பாதிக்கப்படும். வேறு தழையே இல்லாதபோது வாடவைத்துச் சிறிதளவு கலக்கலாம் என்றாலும், இரண்டையும் ஆட்டுக்கு ஒதுக்கிவிடுவதே என் பரிந்துரை.

சேம்பு இலை, ஆகாயத்தாமரை, வாழைத்தண்டு போன்றவை?

சேம்பு இலையிலும் தண்டிலும் ஊசி போன்ற கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் இருக்கின்றன. பச்சையாகத் தின்ற பன்றி வாய் அரிப்பெடுத்துத் தலையை உதறும், பிறகு தீவனத் தொட்டியையே அண்டாது. வேகவைத்தோ, ஊறுகாய்ப்புல் போலப் புளிக்கவைத்தோ கொடுத்தால் நல்ல புரதத் தழை. வாழைத்தண்டில் தண்ணீரைத் தவிர அதிகம் இல்லை. புரதம் மிகக் குறைவு. சினைப்பன்றியின் பசியை அடக்க அது உதவும், வளரும் பன்றியை வளர்க்க உதவாது. ஆகாயத்தாமரை கழிவுநீரிலுள்ள ஈயம், காட்மியம் போன்ற உலோகங்களைத் தன்னுள் சேர்த்துவைக்கும் செடி. அது செழித்து வளரும் நம் நீர்நிலைகளில் பலவற்றில் சாக்கடை கலக்கிறது என்பதால் அதைத் தொடவே வேண்டாம்.

காய்கறிச் சந்தையில் கழியும் இலைகளைப் போடலாமா?

ஒட்டன்சத்திரம், கோயம்பேடு போன்ற பெரிய சந்தைகளுக்கு அருகில் இருப்பவர்களுக்கு முட்டைக்கோசு, காலிஃபிளவர் இலைகள் ஏராளமாகக் கிடைக்கும். சத்துக் குறைவில்லை, கவலை பூச்சிமருந்தைப் பற்றித்தான். இந்த இரண்டு பயிர்களுக்கும் மருந்து மிகுதியாகத் தெளிக்கப்படுகிறது, வெளியிலையில்தான் அது தங்குகிறது. ஓடும் நீரில் அலசி, மற்றத் தழைகளோடு கலந்து, அளவாகக் கொடுக்கலாம். முளைவிட்ட அல்லது பச்சை படர்ந்த உருளைக்கிழங்கும் அதன் செடியும் கூடவே வந்தால் பொறுக்கி எறிந்துவிட வேண்டும். அவற்றில் சோலனின் என்ற நஞ்சு உண்டு.

தழையை வேகவைக்க வேண்டுமா?

சேம்பைத் தவிர மற்றவற்றுக்குப் பெரும்பாலும் தேவையில்லை. வேகவைப்பதால் வைட்டமின்கள் குறைகின்றன, விறகும் செலவாகிறது. லாவோஸ் நாட்டு மலைக்கிராமங்களில் பெண்கள் காட்டிலும் வயலோரத்திலும் பச்சிலைகளைத் தேடிப் பறித்து, சுமந்து வந்து, நறுக்கி, தவிட்டோடு வேகவைத்துப் பன்றிக்குக் கொடுப்பது நாள்தோறும் பல மணி நேரம் பிடிக்கும் வேலையாக இருந்தது. அங்கே ஸ்டைலோ 184 என்ற பயறுவகைத் தீவனச் செடி வீட்டருகே பயிரிடப்பட்டபோது, அதை வேகவைக்காமல் பச்சையாகவே பன்றிகள் தின்றன. பறிக்கும் நேரமும் வேகவைக்கும் நேரமும் மிச்சமாயின. பன்றிகளும் முன்னைவிட விரைவாக வளர்ந்தன. தழைத் தீவனத்தைக் கணக்கிடும்போது, அதை யார் அறுத்துச் சுமக்கிறார்கள், எவ்வளவு நேரம் ஆகிறது என்பதையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். நம் ஊரிலும் அந்த வேலை பெரும்பாலும் வீட்டுப் பெண்களின் தலையில்தான் விழுகிறது. கொட்டகைக்குப் பக்கத்தில் ஐந்து சென்ட் நிலத்தில் வேலிமசால் போட்டால் அந்தச் சுமை குறையும்.

எந்த நேரத்தில், எப்படிப் போடுவது?

அடர்தீவனத்தை முதலில் போட்டு, அது தீர்ந்த பிறகு தழையைப் போடுங்கள். முதலில் தழை போட்டால் வயிற்றில் இடம் அடைபட்டு, விலை கொடுத்து வாங்கிய தீவனம் தொட்டியில் தேங்கும். இரண்டு மூன்று சென்டிமீட்டர் நீளத்தில் நறுக்கிப் போட்டால் எல்லாம் சீராகத் தின்னப்படும். நறுக்காவிட்டால் வலிமையான பன்றி இலையை உருவித் தின்றுவிட்டு மெலிந்த பன்றிக்குத் தண்டை விட்டுவைக்கும். தரையில் கொட்டினால் சாணத்திலும் மூத்திரத்திலும் மிதிபட்டுப் பாதி வீணாகும். சுவரோரம் கம்பி அடைப்பு வைத்தோ, பன்றியின் தலை உயரத்தில் கட்டித் தொங்கவிட்டோ கொடுக்கலாம். நார் குடலில் புளிக்கும்போது உடலில் வெப்பம் உண்டாகிறது. பன்றிக்கு வியர்த்துத் தணித்துக்கொள்ளும் திறன் மிகக் குறைவு என்பதால், சித்திரை வைகாசி வெயிலில் தழையைக் காலை முதல் பொழுதிலோ சூரியன் சாய்ந்த பிறகோ மட்டும் போடுங்கள். தழையில் தண்ணீர் இருக்கிறதே என்று குடிநீரைக் குறைக்கக் கூடாது.

தழையால் நோய் வருமா?

தழை எங்கே வளர்ந்தது என்பதைப் பொறுத்து வரும். இந்தக் கேள்வியைப் பலர் கேட்பதே இல்லை. கேட்பவர்களும் கடைசியில்தான் கேட்கிறார்கள்.

மனிதர்கள் திறந்தவெளியில் மலம் கழிக்கும் இடத்திலிருந்தோ சாக்கடை பாயும் வாய்க்காலிலிருந்தோ தழை அறுத்தால், பன்றி நாடாப்புழுவின் முட்டைகள் அதோடு வரும். அந்த முட்டையைத் தின்ற பன்றியின் தசையில் அரிசிமணி போன்ற கட்டிகள் உண்டாகும். அந்தக் கறியைச் சரியாக வேகவைக்காமல் உண்டவர் வயிற்றில் நாடாப்புழு வளரும். அவருடைய மலத்தின் வழியே முட்டை இன்னொருவரின் உணவில் சேர்ந்தால் மூளையில் கட்டி உண்டாகி வலிப்பு வரலாம். நீர்நிலைத் தழைகளில் தட்டைப்புழுக்களின் இளம்பருவம் ஒட்டியிருக்கும் வாய்ப்பும் உண்டு. சுத்தமான நிலத்தில் நாமே வளர்த்த தழை என்றால் இந்தக் கவலை பெருமளவு தீரும். காலந்தவறாமல் குடற்புழு நீக்கமும் செய்துவர வேண்டும்.

அடுத்தது ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல். இந்த நோய் 2020-இல் அசாமிலும் அருணாசலப் பிரதேசத்திலும் முதன்முதலாக நம் நாட்டில் கண்டறியப்பட்டது. 2022-இல் கேரளத்தின் வயநாட்டை எட்டியது. மனிதருக்குத் தொற்றாது, பன்றிக்கோ மருந்தில்லை, கொட்டகையே காலியாகிவிடும். காட்டுப்பன்றிகளையும் இது தாக்குகிறது. அவை நடமாடும் வனத்தையொட்டிய நிலங்களில் அறுத்த பச்சைத் தழையில் அவற்றின் எச்சிலும் கழிவும் பட்டிருக்கலாம். ஐரோப்பிய நாடுகளில் நோய் பரவிய பகுதிகளில், புதிதாக அறுத்த புல்லைக் காட்டுப்பன்றி எட்டாத இடத்தில் குறைந்தது 30 நாள் வைத்த பிறகே பன்றிக்குக் கொடுக்க வேண்டும் என்ற கட்டுப்பாடு உண்டு. கூடலூர், சத்தியமங்கலம், கொடைக்கானல் மலைச்சரிவு போன்ற இடங்களில் பண்ணை வைத்திருப்பவர்கள் வேலியிட்ட நிலத்தில் வளர்ந்த தழையை மட்டும் பயன்படுத்துவது அவசியம். உணவகக் கழிவு போடுபவர்கள் அதை 90 டிகிரி வெப்பத்துக்குக் குறையாமல் ஒரு மணி நேரம் கிளறிக் காய்ச்சிய பிறகே போட வேண்டும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

கூடையில் எந்தச் செடி வந்துவிடாமல் பார்க்க வேண்டும்?

அரளி, ஊமத்தை, ஆமணக்கு, காட்டாமணக்கு, உண்ணிச்செடி, பார்த்தீனியம் ஆகியவை ஒரு கிளைகூட வரக் கூடாது. ஏரிக்கரையில் வள்ளைக்கீரை அறுப்பவர்கள் நெய்வேலிக் காட்டாமணக்கையும் அடையாளம் தெரிந்து ஒதுக்க வேண்டும். இரண்டின் பூவும் ஒரே புனல் வடிவில் இருக்கும், இரண்டும் ஒரே கரையில் வளரும். ஆனால் காட்டாமணக்கு ஆளுயரத்துக்குப் புதராக நிமிர்ந்து நிற்கும். கிள்ளினால் பால் வடியும், இலையும் இதய வடிவில் பெரியதாக இருக்கும். அது நரம்பு மண்டலத்தைப் பாதிக்கும் நஞ்சுச் செடி.

தழை தின்ற பன்றியின் கொழுப்பு மஞ்சளாகுமா? கறி எடை குறையுமா?

மஞ்சளாகாது. மாடு போலக் கரோட்டினைக் கொழுப்பில் சேர்த்துவைக்கும் இயல்பு பன்றிக்கு இல்லை. கொழுப்பு வெண்மையாகவே இருக்கும். முதுகுக் கொழுப்பு சற்று மெலியலாம்; கொழுப்புக் குறைந்த கறியை விரும்பும் வாடிக்கையாளருக்கு அது நல்லதே. ஆனால் நார் மிகுந்த தீவனம் தின்ற பன்றியின் குடல் பருத்துக் கனக்கும் என்பதால், ஒரே உயிர் எடையில் கறி சற்றுக் குறைவாகத் தேறும். அனுபவமுள்ள வியாபாரி தொங்கிய வயிற்றைப் பார்த்ததும் விலையைக் குறைப்பார். விற்பனைக்கு முந்தைய இரண்டு மூன்று வாரங்களில் தழையைப் பாதியாகக் குறைத்து அடர்தீவனத்தைக் கூட்டுவது வழக்கம். அது சரியான வழக்கமும்கூட.

தழை மிகுந்த காலத்தில் சேமித்துவைக்க வழி உண்டா?

உண்டு. மரவள்ளி இலை, சேம்பு, சர்க்கரைவள்ளிக் கொடி ஆகியவற்றை அரை நாள் முதல் ஒரு நாள் வரை வாடவிட்டு நறுக்கி, 100 கிலோவுக்கு மூன்று முதல் ஐந்து கிலோ சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகு கலந்து, மூடியுள்ள பிளாஸ்டிக் பீப்பாயில் காற்றுப் புகாதபடி மிதித்து அடைக்க வேண்டும். பாகு கிடைக்காவிட்டால் ஐந்து முதல் பத்து கிலோ அரிசித் தவிடு கலக்கலாம். மூன்று வாரத்தில் இளம் புளிப்பு மணத்தோடு பழுப்பு கலந்த பச்சை நிறத்தில் பக்குவமாகிவிடும். மரவள்ளியின் சயனைடும் சேம்பின் அரிப்பும் இந்தப் பக்குவத்தில் தணிகின்றன. அழுகல் நாற்றமோ கரும்பூஞ்சையோ தென்பட்டால் அந்தப் பகுதியை எருக்குழியில் கொட்டிவிட வேண்டும். பூஞ்சைத் தீவனத்துக்குப் பன்றியைப் போல விரைவாக இரையாகும் கால்நடை குறைவு. திறந்த பீப்பாயைச் சில நாளில் தீர்த்துவிட வேண்டும் என்பதால் பெரிய பீப்பாயைவிடச் சிறியவை வசதி.

பலன் கிடைக்கிறதா என்பதை எப்படித் தெரிந்துகொள்வது?

எடை பார்த்துத்தான். தராசு இல்லாதவர்களுக்குத் தையல்காரர் நாடா போதும். முன்னங்கால்களுக்குப் பின்னால் மார்புச் சுற்றளவையும், இரு காதுகளுக்கு நடுவிலிருந்து வாலடி வரை முதுகு நீளத்தையும் மீட்டரில் அளந்துகொள்ளுங்கள். சுற்றளவைச் சுற்றளவாலேயே பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, வந்ததை 69.3-ஆல் பெருக்கினால் கிலோவில் உத்தேச எடை வரும். சுற்றளவு 0.90, நீளம் 0.95 என்றால் எடை சுமார் 53 கிலோ. பன்றி தலையை நேராக வைத்து நிற்கும்போது, காலையில் தீவனம் போடும் முன் அளக்க வேண்டும்.

ஒரே ஈற்றுக் குட்டிகளில் சிலவற்றுக்குத் தழையோடும் சிலவற்றுக்குத் தழையில்லாமலும் அதே அடர்தீவனத்தைப் போட்டு, இரண்டு வாரத்துக்கொரு முறை அளந்து ஒரு நோட்டில் எழுதிவாருங்கள். சாணத்தையும் பாருங்கள்: உருக்குலையாமல் மென்மையாகவும் கரும்பச்சையாகவும் இருந்தால் அளவு சரி, நீராகப் போனால் அளவு கூடிவிட்டது, இலைத் துணுக்குகள் அப்படியே தெரிந்தால் தழை முற்றிவிட்டது அல்லது நறுக்கியது போதவில்லை. ஆறு வாரக் கணக்கில் தழை தின்ற பன்றிகள் பின்தங்கினால் தழையைப் பாதியாக்கி, குறைத்திருந்த அடர்தீவனத்தை உடனே பழைய அளவுக்குக் கொண்டுவாருங்கள்.